பதினொன்னு புள்ளி ரெண்டு

— பதினொன்னு புள்ளி ரெண்டா? அக்கா, உங்க லேப் மெஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு, சொல்லிட்டேன்.

— மெஷின் நல்லாத்தான்டா இருக்கு. ரெண்டு தடவ ஓட்டிப் பார்த்தேன். கதவச் சாத்து, வெளிய ரத்தம் குடுக்க ஆளுங்க உக்காந்திருக்காங்க.

— மூணு மாசமா டீயில சர்க்கரை கெடையாது. பஸ்ஸுல பிள்ளைங்க பொறந்த நாளுக்கு மிட்டாய் நீட்டினா, 'டிரைவர் மாமாவுக்குப் பல்வலி'ன்னு பொய் சொல்றேன். மாத்திரை ஒரு வேள தப்புனதில்ல. பஸ்ஸ ஷெட்ல விட்டுட்டு வீடு வரைக்கும் நடக்கறேன். எனக்கு எப்படிக்கா பதினொன்னு வரும்?

— கேளு...

— நீ கேளு. ஒம்போதத் தாண்டினா சாவியக் குடுத்துட்டு எறங்கணும், அது ஸ்கூல் சட்டம். பன்னெண்டு வருஷமா அந்த பஸ்தான் எனக்குச் சோறு. வேற என்ன தொழில் தெரியும் எனக்கு, சொல்லு?

— அந்தச் சட்டம் தெரிஞ்சதாலதான்டா... இரு, தண்ணி குடிச்சுக்கறேன்.

— நான் வந்ததுலேருந்து ரெண்டு பாட்டில் காலி. சூடான ரேடியேட்டர் மாதிரி ஊத்திக்கிட்டே இருக்க.

— வெயிலுடா.

— ஏசி ரூம்ல என்ன வெயிலு? சரி விடு. முந்தாநேத்து இதே நாற்காலியில உக்கார வெச்சு நீதானே ரத்தம் எடுத்த. அதுக்கு மொத நாள் கல்யாண வீட்டுல சாப்பிட்டேன். அது காட்டிக் குடுத்துடுச்சோ?

— ஒரு நாள் சாப்பாடெல்லாம் இதுல தெரியாது. ரத்தத்துல சர்க்கரை கூடுனா, செவப்பணுவுக்குள்ள இருக்கற புரதத்துல போய் ஒட்டிக்கும். ஒட்டுனது லேசுல போகாது. அந்த அணு சாகற வரைக்கும் இருக்கும், ஒரு மூணு மாசம். எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாக்கறதுதான் இந்த டெஸ்ட்டு. மொத நாள் பட்டினி கெடந்தாலும் ஏமாத்த முடியாது.

— ஒட்டுனா ஒட்டிட்டுப் போகட்டுமே.

— ஒட்டுறதோட நின்னா நான் ஏன்டா கத்தப் போறேன்? ஒட்டுன எடத்துல துரு பிடிக்கற மாதிரி ஒரு வேல நடக்கும். கண்ணு, கிட்னி, கால் நரம்புன்னு ஒவ்வொண்ணா அரிக்கும். அந்தத் துரு கூடக் கூட, இன்னும் வேகமா ஒட்டும்.

— ரைட்டு, புரியுது. பஸ்ஸுக்கு அடியில நடக்கறதேதான். சேறு ஒட்டுன எடத்துல துரு பிடிக்கும். துரு பிடிச்ச எடம் சொரசொரன்னு ஆயிடும், அங்க இன்னும் சேறு ஒட்டும். கூட்டுக் களவாணிங்க மாதிரி ரெண்டும் சேந்து தகட்டையே தின்னுடும். மேல பெயின்ட்டு பளபளன்னுதான் இருக்கும். ஒரு நாள் படியில கால வெச்சா, படி உள்ள போயிடும்.

— அப்பாவுக்கு அப்படித்தான்டா ஆச்சு.

— இப்ப ஏன் அப்பாவ இழுக்கற?

— செருப்பு கழண்டு விழுந்தது கூடத் தெரியாம, கொதிக்கற தார் ரோட்டுல நடந்து வந்தாரே. கால எடுத்தப்ப பக்கத்துல நான்தான் இருந்தேன்.

— அதப் பார்த்துத்தான் நானும் பயந்து திருந்துனேன். சத்தியமா ஒரு துண்டு இனிப்பு தொடலக்கா. ஊரு நம்பாட்டியும் நீ நம்பு.

— நம்பறேன்.

— நம்பறேன்னு சொல்லிக்கிட்டே ஏன் அழற?

— நாலு மாசம் முன்ன, பேக்கரி வாசல்ல நீ ஒளிஞ்சு நின்னு தின்னத நான் பார்த்தேன். உன் பொண்டாட்டியும், 'உங்க தம்பி திருந்த மாட்டாரு அண்ணி'ன்னா. இவன் தேறவே மாட்டான்னு அன்னிக்கே முடிவு கட்டிட்டேன். அங்கதான் நான் தப்புப் பண்ணேன்.

— என்ன தப்பு? ரிப்போர்ட்டு ஸ்கூலுக்குப் போயிடுச்சா?

— இல்ல. இந்தா, இந்த ரிப்போர்ட்ட நீயே ஒரு தடவ படி. எனக்கு எழுத்து கலங்குது.

— கண்ணாடிய மாத்துன்னு சொன்னா கேக்கறியா? ஆமா, வெரல்ல என்ன இன்னும் அந்தக் கட்டு? மூணு வாரம் முன்ன காய் நறுக்கும்போது வெட்டிக்கிட்டது, இன்னுமா ஆறல?

— ஆறல.

— உடம்பப் பாரு, சொல்லிட்டேன். இப்ப என் கதைக்கு வா. இந்தா கை, மறுபடி குத்து. அதுலயும் பதினொன்னு வந்தா சாவிய நானே குடுத்துடறேன். பொய் சொல்லி ஓட்ட மாட்டேன்கா. பின்னாடி நாப்பது பிள்ளைங்க உக்காந்திருக்கு. திருப்பத்துல எனக்குக் கண்ணு மங்குனா என்ன ஆகும்?

— அந்த நாப்பது பிள்ளைங்கள நான் நெனைக்கவே இல்லடா. உன் வேலை ஒண்ணத்தான் நெனச்சேன்.

— நீ என்னத்த நெனைக்கணும்? குத்தற, மெஷின்ல வெக்கற.

— சட்டைக் கைய எறக்கிவிடு. மறுபடி குத்த வேணாம். முந்தாநேத்து எடுத்த உன் ரத்தம் ஃப்ரிட்ஜுலதான் இருந்துச்சு.

— ஃப்ரிட்ஜுலயா? அப்ப மெஷின்ல ஓடுனது எது?

— உன்னோடத இன்னிக்குக் காலைலதான் ஓட்டுனேன். ஆறு புள்ளி ஒண்ணு. ஜெயிச்சுட்டடா நீ. லேப் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். சரியான ரிப்போர்ட்டு அவரு கையெழுத்தோட ஸ்கூலுக்குப் போகும். எனக்கு இனிமே இங்க வேல இருக்காது.

— எல்லாத்தையும்னா? என்னக்கா பண்ண நீ?

— எனக்குத்தான் ஒரு வியாதியும் இல்லையேன்னு, உன் பேரு ஒட்டுன குழாய்ல என் ரத்தத்தப் புடிச்சு வெச்சேன்டா.