விழுகிற சத்தம் வரவில்லை

இதை எழுதாமல் விட்டிருப்பேன். எழுத்து எனக்கு வராத வேலை. ஒன்பதாம் ஆண்டு படிக்கையில் பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டு ஓடிவிட்டது. கவனியுங்கள், நான் ஓடவில்லை. கூரைக்கு மேல் விமானம் வந்தது. பள்ளிக்கூடம்தான் முதலில் ஓடியது. நான் அதன் பின்னால் ஓடினேன். ஆனால் என் அறைத் தோழன் மாரி, தானாகத்தான் வேலையை விட்டதாக டீக்கடையில் சொல்லித் திரிகிறான். பொய். அதனால் எழுதுகிறேன்.

தரையில் கிடக்கிறேன். சிமெண்டுத் தரை. மூக்குக்குக் கீழே எண்ணெய். முழங்கைகளை ஊன்றியிருக்கிறேன். நெஞ்சு தரையில் படவில்லை. காதுகளைப் பொத்தியிருக்கிறேன். வாய் திறந்திருக்கிறது. வாயை மூடினால் அதிர்வில் காது போய்விடும். வன்னியில் இது குழந்தைக்கும் தெரியும்.

இது வன்னி இல்லை. ஒரகடம். 2010. கார்க் கதவுக்குத் தகடு அடிக்கிற கம்பெனி. இன்று எனக்கு ட்ரயல்.

டும்.

பெரிய பிரஸ் இறங்குகிற சத்தம். காதில் கேட்பதில்லை, வயிற்றில் கேட்கிறது. எறிகணையை ஏவுகிற, எங்கள் பேச்சில் குத்துகிற, சத்தமும் அப்படித்தான். தூரத்தில் குத்துவான். ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. பிறகு நம் பக்கம் விழும். அந்த இடைவெளியில் பங்கர் குழிக்குள் குதித்தவன் மட்டுமே கதை சொல்ல மிஞ்சினான்.

"குத்திட்டான்! வாயத் திறந்துகொண்டு படுங்கோ!"

கத்தியது நான்தானாம். பிறகு சொன்னார்கள். யாரும் படுக்கவில்லை. என்னைச் சுற்றிலும் சப்பாத்துக் கால்கள். ஒன்றும் அசையவில்லை.

கடல் தாண்டி வந்து சேர்ந்த அகதி முகாமிலிருந்து பெயிண்ட் அடிக்கப் போன இடத்தில்தான் மாரி பழக்கம். சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். மண்ணூரில் அவன் அறையில் எனக்குப் பாய் விரித்தான். வேலை தேடி அலைந்தேன். போன வாசலில் எல்லாம் அட்டை கேட்டார்கள். என்னிடம் இருந்தது முகாம் அட்டை. அதை நீட்டினால் வேலை இல்லை. கூடவே விசாரணை வரும். எனக்கு வேலை வேண்டும். அம்மா முகாமில், தார்ப்பாய் மறைப்புக்குள் இருக்கிறாள். பூட்டக்கூடிய கதவு வைத்த ஓர் அறைக்கு அவளைக் கூட்டிவர வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

மாரி, தான் வேலை பார்த்த இந்தக் கம்பெனி சூப்பர்வைசரிடம் என்னைச் சித்தப்பா மகன் என்றான். அட்டை ஊரிலிருந்து வரும், தான் பொறுப்பு என்றான். பிறகு இரவெல்லாம் பாடம் எடுத்தான். 'ஆமா'வுக்கு 'ஓம்' சொல்லக்கூடாது. 'பேசுறது'க்குக் 'கதைக்கிறது' கூடாது. அவன் குறட்டை கூடச் சங்கரன்கோவில் பாஷையில்தான் வருகிறது, அதையும் படிக்கவா என்று கேட்டேன். தலையில் குட்டினான்.

டும்.

மறுபடியும் குத்துகிறான். மூச்சை எண்ணுகிறேன். விழுகிற சத்தம் வரவில்லை. அதுதான் பெரிய பயம். விழுந்துவிட்டால் யார், எங்கே என்று தெரிந்துவிடும். விழாதது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

மாரி தன் லைனை விட்டு ஓடி வருகிறான். முகத்தில் ரத்தம் இல்லை. குனிந்து என் தோளைத் தூக்குகிறான். "சிரில. சிரிச்சிரு."

சிரித்தேன். அது எனக்கு வரும். மெஷினுக்கு அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தேன், சம்பளத்துக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டேன் என்றேன். சூப்பர்வைசர் ஏழுமலை சிரித்தார். உள்ளூர்க்காரர். லைனே சிரித்தது. தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஏழுமலை சிரிப்பை நிறுத்தினார். கையைத் தூக்கினார். பிரஸ் நின்றது. அந்த அமைதி எனக்குத் தெரியும். அதற்குப் பின் நல்லது வந்ததே இல்லை.

"படுங்கோன்னியே. நீ சிலோனா?"

சித்தப்பா மகன், சித்தப்பா மகன் என்று மாரி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

"எனக்கும் வூட்ல புள்ளைங்க கீது. நாளைக்குப் போலீசு வந்து கேட்டா நான் இன்னா சொல்றது? ரெண்டு பேரும் கெளம்புங்கபா."

கத்தவில்லை. கேட் வரைக்கும் கூட வந்தார். சட்டையில் எண்ணெய் என்று சொல்லித் துணி ஒன்று கொடுத்தார். பிறகு மாரியிடம் கையை நீட்டினார். மாரி கழுத்திலிருந்து பாஸைக் கழற்றினான். தீபாவளிக்குள் அவனை நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள்.

அப்போது அந்த எறிகணை விழுந்தது. என் மேல் இல்லை.

இழந்தவை. அப்பா. கடற்கரை மணலில், கஞ்சி வரிசையில். தங்கச்சி ரதி. செருப்பை எடுக்கப் பங்கரை விட்டு ஏறினாள். நான்தான் வெறுங்காலோடு நிற்கிறாள் என்று பகிடி பண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தேன். வீடு. மாடு இரண்டு. அதில் ஒன்று முட்டும், அதற்கு அழவில்லை. இங்கே, ஒரகடத்தில், அம்மாவின் அறை. மாரியின் வேலை.

எழுதியதை மாரிக்குப் படித்துக் காட்டினேன். சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டே கேட்டவன் சொன்னான்.

"எண்ணுனது போதும்ல, இருங்காட்டுக்கோட்டையில ஆளு எடுக்கானாம், எந்திரி."