அவன் கட்டிய ஓட்டலின் வாசல்

அம்பத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஒரே தொழிற்சாலையின் அடையாள அட்டை அணிந்த இருவர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், தன்னோடு சிங்கப்பூர் டூர் வந்த குமாரைப் பற்றிப் பேசினார்; குமார் அங்கே இல்லை.

“எட்டு வருசம் சிங்கப்பூர்ல கட்டட வேல பாத்தவன், மச்சான். அவன் கட்டுன ஓட்டலுக்கே முன்வாசல் தெரியல.”

டூர் போகாதவர் திரும்பினார். “இன்னாடா சொல்ற?”

“எங்க மூணு பேரையும் பின்னாடி லேபர் கேட்டுக்கு இட்டுகினு போயிட்டான். வாட்ச்மேன் பாஸ் கேட்டான். இவன் சட்டைப் பையில தேடுறான். அந்த வேலய உட்டு பத்து வருசம் ஆவுது.”

“அடப்பாவி. அப்பால?”

“முன்பக்கமா சுத்திகினு போயி, டிக்கெட்டு எடுத்து, ஊரப் பாக்குற மொட்டமாடிக்கு ஏறுனோம். அங்க கான்கிரீட் ஊத்துனதே அவன்தானாம்.”

வானகரத்தில் பேருந்து நின்றது.

“அவனுக்குமா டிக்கெட்டு?”

“நாலு பேருக்கும்தான். அந்த ஊரு காசுல நூத்தி இருவது வெள்ளி.”