படியில் விட்ட சப்பாத்துகள்

டிலானி, யூட், அன்றைக்கு டிலானி கேட்டதற்குப் பதிலை அப்பா இப்ப எழுதிறன்.

சைரன் ஊதுகிறது. நான் ஓடுகிறேன். பிராங்பேர்ட்டில், உங்கள் பள்ளிக்கூட முற்றத்தில். காலை பதினொரு மணி. கையில் யூட் மறந்துவிட்ட சாப்பாட்டுப் பெட்டி. சத்தம் ஏறுது. இறங்குது. திரும்ப ஏறுது.

கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடம். அங்கே கூடுதலாகச் சீனப் பிள்ளைகள். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்த சீனக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். உங்கட அம்மாவுக்குப் பிடித்த இடம். எனக்கு முதல் நாளே பிடிக்கேல்லை. மண்டபத்துக்குள் போக முன் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றி வெளிப்படியில் வரிசையாக விடவேணும். அது சீனரின் பழக்கம். எங்கட பழக்கமும்தான். அதுதான் எனக்குப் பயம்.

யுத்தகாலத்தில் வன்னியில் நாங்கள் ஒரு மாதா கோயிலுக்குள் இருந்தோம். கோயிலுக்கு ஆமிக்காரர் அடிக்க மாட்டாங்கள் என்றார்கள். செருப்பெல்லாம் வாசலில். மேலே வேவு விமானம் வண்டு மாதிரி இரைந்தது. செருப்பைப் பார்த்துத்தான் உள்ளே ஆட்கள் இருக்கிறதைக் கண்டுபிடித்தார்களோ, தெரியாது. நான் அப்படித்தான் நினைக்கிறேன். முதல் செல்குண்டு தென்னையில். அடுத்தது கூரையில். "விழுந்து படுங்கோ!" என் ஐயா, உங்கட அப்பப்பா, கத்தினார். பிறகு அவரின் குரல் கேட்கவில்லை.

மண்டபக் கதவு சாத்தியிருக்குது. படி நிறையச் சப்பாத்துகள். வானத்தைப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத வானத்தை நான் நம்புறதில்லை. சப்பாத்துகளை அள்ளுகிறேன். மதிலோரச் செடிப் பற்றைக்குள் எறிகிறேன். திரும்ப அள்ளுகிறேன்.

"ஹால்ட்!"

நில்லென்று கத்தினவர் பள்ளிக்கூடக் காவலாளி லின். என் சட்டையைப் பிடித்துவிட்டார். அவருக்கு என்னில் சந்தேகம். ஏன் வராது? சவரம் செய்யாத முகம். கை நிறையப் பிள்ளைகளின் சப்பாத்து.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!" நான் தமிழில் கத்துகிறேன்.

கதவு திறந்தது. டிலானி, நீ காலுறையோடு ஓடி வந்தாய்.

"அப்பா, சைரனைச் சும்மா சோதிச்சுப் பாக்கினம். எல்லாற்ற போனுக்கும் முதலே அறிவிச்சவை."

எனக்கு முதல்நாள் இரவு வேலை. என்ர போன் நிப்பாட்டிக் கிடந்தது.

"சப்பாத்தை என்ன செய்யப் போறியள் எண்டு லின் கேக்கிறார் அப்பா."

"அளவு பாக்கிறார் போல," என்றான் பின்னால் நின்ற ஒரு பெடியன், ஜெர்மனில். எல்லாரும் சிரித்தார்கள். யூட், நீயும் சிரித்தாய். டிலானி, நீ சிரிக்கேல்லை.

"நாளையிலிருந்து இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம்," என்றேன்.

"ஏலாது அப்பா. என்ர கூட்டாளிமார் எல்லாம் இங்கதான். சப்பாத்தில என்ன பிழை? சொல்லுங்கோவன்."

சைரன் நின்றது. லின் என் சட்டையை விட்டார். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. நீங்கள் உள்ளே போனீர்கள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அந்தக் கோயிலில் போனது: என் ஐயா. என் தங்கச்சி ரீற்றா, ஏழு வயது. சின்னம்மா. அவவின் கைக்குழந்தை, இன்னும் பெயர் வைக்கேல்லை. என் இடது காது. மிஞ்சினது ரீற்றாவின் செருப்பு. வாசலில், சோடியாக, ஒரு கீறல் இல்லாமல்.

லின்னும் போன பிறகு பற்றைக்குள் கிடந்ததையெல்லாம் தேடி எடுத்தேன். மண்ணைத் தட்டினேன். சோடி சேர்த்துத் திரும்பப் படியிலேயே வைத்தேன். நீங்கள் அங்கேயே படியுங்கோ.

ஆனால் ஒவ்வொரு சப்பாத்தின் நுனியையும் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தேன். காலை விட்டவுடன் ஓடலாம்.