எண்ணெய்த் துளையில் சந்தனம்

இந்த வேலையில் எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் ஏறிய எண்ணெய்க் கறை போகாது, ஐயா. என் பெயர் ராஜப்பன். பாப்பாரப்பட்டியில் பதினோரு வருஷமாகத் தீர்த்தகிரியின் மரம் அறுக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டவன். அவன் மரமேறி அறுப்பான். நான் கீழே நின்று மெஷினைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவேன்.

செயின் ஓடுகிற நீளத் தகட்டைப் பார் என்போம். தினமும் அதைக் கழற்றி, செயின் பதிந்து ஓடும் காடியில் சேர்ந்த மரத்தூளைச் சுரண்டி, ஓரத்துப் பிசிரை அரத்தால் ராவி, இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்படி தலைகீழாகத் திருப்பி மாட்ட வேண்டும். அடிப்பக்கம் மிளகளவு ஒரு துளை இருக்கும். அது வழியாகத்தான் செயினுக்கு எண்ணெய் போகும். அது அடைத்தால் செயின் காய்ந்து, சூடேறி, நீண்டு, காடியை விட்டுத் துள்ளிவிடும். இத்தனையையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு நாளாவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பானா? டீக்கடையில் யாராவது என்னை விசாரித்தால், "அவருங்களா? சும்மா தொடைச்சுக் குடுக்கறவருங்க" என்பான். வயிறு எரியும். சிரித்துக்கொள்வேன்.

ஆயுத பூஜைக்கு மெஷினைப் பிரித்துக் கழுவி வைப்போம். அவன் சம்சாரம் செல்லம்மாள் பாரில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவாள். கடைசிப் பொட்டு துளைமேலேயே விழும். வருஷா வருஷம் மறுநாள் நான்தான் மெல்லிய கம்பியால் குத்தி எடுப்பேன். இந்த வருஷம் மேலே மட்டும் துடைத்தேன். உள்ளே போனதை விட்டுவிட்டேன். சாமிக்கு வைத்தது, அதை நான் ஏன் நோண்ட வேண்டும்?

இண்டூர்ப் பக்கம் ஒரு புளியமரம். முப்பதடி உயரத்தில் அவன். பத்து நிமிஷத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எண்ணெயில்லாத செயினுக்கு ஒரு கிறீச்சுச் சத்தம் உண்டு. இப்போது வீட்டில் மிக்ஸி ஓடினாலும் அதுதான் கேட்கிறது. காதைப் பொத்தினால் இன்னும் கிட்டத்தில் கேட்கிறது.

செயின் துள்ளித் தொடையில் இறங்கிவிட்டது. இடுப்புக் கயிற்றில் தொங்கியவனை இறக்குவதற்குள் உயிர் போய்விட்டது. பாரைக் கழற்றிப் பார்த்தவர்கள், சந்தனம் அடைத்ததால் வந்த விபத்து என்றார்கள். அன்றிலிருந்து செல்லம்மாள் சந்தனம் வைத்த விரலைத் தரையில் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள். "நாந்தானுங்க கொன்னுட்டேன்" என்று என் வீட்டு வாசலில் வந்து அழுகிறாள். பார்க்கச் சகிக்கவில்லை, ஐயா. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று நேற்று கேட்டாள். இல்லை என்றேன்.

சொன்னான். மெஷினை நிறுத்திவிட்டு, குனிந்து என்னைப் பார்த்தான். "அண்ணா, பாருல பொகை வருதுங்க. எறக்கி உடட்டுங்களா?"

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என்னைக் கேட்டான், ஐயா. மனசு குளிர்ந்துபோயிற்று.

"ஒண்ணுமில்ல, அழுத்திப் புடி" என்றேன்.

மறுபேச்சில்லாமல் அழுத்தினான்.