கனடாக் கை

குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ் மண்கும்பானைத் தாண்டியபோது, எனக்கு முன்சீட்டில் இருந்தவள் பக்கத்திலிருந்த சிநேகிதியிடம் உரத்துச் சொன்னாள்:

"கார் பழகினது காணுமடி, இனி வேண்டாம். நேற்றுப் பின்னேரம் பண்ணைப் பாலத்திலை செத்துப் பிழைச்சனான்."

"லீவிலை வந்த உன்ரை அண்ணையெல்லோ பக்கத்திலை இருந்து பழக்கினவர்?"

"ஓம். இருவது வருசம் கனடாவிலை ஓடினவர் எண்டு நம்பிப் போனனான். எதிரிலை பஸ் வர, நான் இடப்பக்கம் ஒதுக்கினன். அவர் 'வலப்பக்கம், வலப்பக்கம்' எண்டு கத்தி, ஸ்டியரிங்கைப் பிடிச்சு வெட்டிப்போட்டார். அங்கை வலப்பக்கம் ஓடின கையெல்லோ."

"ஐயோ! பஸ்ஸுக்கு நேரையோ?"

"நேரைதான். ரெண்டு பக்கமும் கடல். பஸ்காரன் பிறேக் அடிச்சபடியாலை தப்பினனாங்கள்."

"அண்ணை என்ன சொன்னவர்?"

"பஸ்காரனைத்தான் ஏசினவர். அவன் பிழையான பக்கத்தாலை வந்தவனாம்."

சிநேகிதி கைப்பையைத் துழாவி ஃபோனை எடுத்தாள்.

"இண்டைக்குக் காலமை உன்ரை அண்ணை என்ரை மகளையெல்லோ கார் பழக்கக் கூட்டிக்கொண்டு போனவர். இந்த ரோட்டாலைதான்."

ஃபோனைக் காதில் வைத்தபடியே இருந்தாள்.

"ரிங் போகுது. எடுக்கிறாளில்லை."

பாலம் வந்தது. பஸ்ஸில் ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை. எதிரே வரும் ஒவ்வொரு காரையும் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.