டீ ஆறுவதற்குள்

டீயைச் சூடாகக் குடிப்பவன் நான், சார். ஆறிப்போனால் தொண்டைக்குள் இறங்காது.

எண்ணூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் குடல்புழுவைக் கண்டுபிடிக்க என் முறைதான் இருந்தது. மலத்தை ஈதரில் கலக்கி, மெஷினில் சுற்றவிட்டு, அடியில் தங்கும் வண்டலை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். 2003-ல் புது முறை வந்தது. மலத்தைக் கண்ணாடிச் சில்லில் அழுத்தி, கிளிசரினில் ஊறிய தாளால் மூடினால் போதும். மலம் தெளிந்து முட்டை பளிச்சென்று தெரியும். செலவும் குறைவு. தோற்கிற முறைக்குச் சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் கடைதான் என்று டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

எந்த முறை மேல் என்று தெரிய, ஒரே மலத்தை இரண்டு முறையிலும் பார்க்க வேண்டும். என் முடிவு உறைக்குள் போகும், கடைசியில்தான் பிரிப்பார்கள். சில்லைப் பார்ப்பது ஜெரினா, வேலைக்குப் புதுசு. அவள் சொல்வதை வைத்துத்தான் பூச்சி மாத்திரை. விதியை எழுதியது நானில்லை.

சில்லைத் தயார் செய்து அவளிடம் கொடுப்பது மட்டும் நான். அதில் ஒரு சங்கதி உண்டு. ரொம்ப நேரம் விட்டால் கொக்கிப்புழுவின் முட்டையும் தெளிந்து, இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஜெரினாவுக்கு அது தெரியாது. நான் சில்லை மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவேன். அவ்வளவுதான்.

இரும்புக் கிடங்கில் சுமை தூக்கும் மலர்க்கொடி வந்தாள். நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. உதடெல்லாம் வெளுப்பு. என் வண்டலில் கொக்கிப்புழு முட்டை மொய்த்தது. ஜெரினாவின் சில்லில் ஒன்றுமில்லை.

மறுபடியும் வந்தாள். "நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குதுண்ணா. சத்து மாத்திரையும் முழுங்கிகினுதான் கீறேன். பூச்சி கீதா இல்லியா, நீயாவது சொல்லேன்."

அந்தம்மா பார்த்துச் சொல்வாங்க என்றேன். புதுச் சில்லு போட்டேன். அன்று இன்னொரு டீயும் குடித்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா, பயப்படாம போ" என்றாள் ஜெரினா. மலர்க்கொடி போனதும் என்னிடம் திரும்பினாள். "என் கண்ணுதான் பேஜாரு பண்ணுதாண்ணா?"

கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னேன். அக்கறையில்தான்.

பிரசவத்தில் மலர்க்கொடிக்கு அப்படியொன்றும் அதிகமாக ரத்தம் போகவில்லையாம். இன்னொருத்தி என்றால் தாங்கியிருப்பாள். கொக்கிப்புழு உறிஞ்சியதுபோக, இவள் உடம்பில் போவதற்கே ரத்தம் இல்லை. தன்னால்தான் செத்தாள் என்று ஜெரினா வேலையை விட்டுப் போனாள். நான் தடுத்துப் பேசவில்லை. பிறகு உறைகளைப் பிரித்தார்கள். என் மெஷின் தப்பியது.

சில்லை வேண்டுமென்றே காக்க வைத்தவன் நான்தான், சார். அவள் செத்துப்போகலாம் என்று தெரிந்தேதான். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்று சரியாகக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான்.