வட்டம் மட்டும் பிசிறடிக்குது

இந்த ஸ்டிக்கர் வெட்டற மெஷின் நேர்கோடு நல்லாத்தான் வெட்டுது சார், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. பட்டை, கட்டம், பார்டர் எல்லாம் வழுக்கிக்கிட்டு வருது. வட்டம்னு வந்தாத்தான் மக்கர் பண்ணுது. இந்தாங்க, நீங்களே பாருங்க. ஓரமெல்லாம் எலி கடிச்ச மாதிரி இல்ல? ஆரம்பிச்ச இடமும் முடிச்ச இடமும் ஒண்ணு சேரவே இல்ல பாருங்க, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.

அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. டீ சொல்லவா? வேண்டாமா, சரி. அவசரமெல்லாம் ஒண்ணும் இல்ல சார், கடை பத்து நாளா பூட்டித்தான் கெடந்துச்சு. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். தப்பு மெஷின் மேலயா, என் மேலயா? பூசி மெழுகாம சொல்லிடுங்க. மெஷின்தான்னு சொன்னீங்கன்னா உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுவேன்.

ரோலரா? தொடச்சாச்சு. ஸ்பீடைக் கொறச்சு ஆமை மாதிரி ஓட விட்டேன், அப்பவும் அதே கதைதான். அழுத்தத்தைக் கூட்டினா அடிப் பேப்பரையும் சேத்துக் கிழிக்குது. கொறச்சா மேல இருக்கற ஸ்டிக்கரே வெட்டுப்படல. கத்திக்குக் கீழ ஒரு வெள்ளைப் பட்டை இருக்கே, அதையும் தடவிப் பார்த்துட்டேன், பள்ளம் கிள்ளம் ஒண்ணும் இல்ல. பதினெட்டு வருஷமா இதே பொழப்பு சார். இதுல எனக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

பிளேடா? புதுசு. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கருக்குன்னே போன மாசம் வாங்கினது. அது தடியா இருக்கும் இல்லையா, உள்ள கண்ணாடிப் பொடி வேற. சாதா பிளேடுன்னா ஒரு வட்டம் முடியறதுக்குள்ள மொக்கையாயிடும். அதான் கூர் ஜாஸ்தியா இருக்கறதா பார்த்து மாட்டினேன். மாட்டின அன்னைக்கே இந்தக் கூத்து. கழட்டி வெச்சிருந்தேன், நீங்க பார்க்கணும்னு இன்னைக்குக் காலையிலதான் திரும்ப மாட்டினேன்.

அன்னைக்கு என்ன வேலையா? ஒரு டிரெய்லர் சார், செங்கல் ஏத்தறது. பின்பக்கம் ரெண்டு சிவப்பு வட்டம் ஒட்டணும், லைட்டு பட்டா மின்னணும், அவ்வளவுதான். டிரைவர் வாசல்லயே நிக்கறார். நல்ல மனுஷன்தான், ஆனா அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் எட்டிப் பார்த்து ஆச்சாண்ணே, ஆச்சாண்ணேங்கறார். நாலு வட்டம் போட்டேன், நாலும் பிசிறு. எனக்குத் தலைக்கு ஏறிடுச்சு. உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், உங்க நம்பர் அந்தச் செவுத்துலதான் எழுதியிருக்கு. போடல. பதினெட்டு வருஷம் வெட்டினவன் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, எனக்கு வட்டம் வெட்ட வரலைன்னு சொல்றதா? பழைய பிளேடை மாட்டி, சாதா சிவப்பு ஸ்டிக்கர்ல ரெண்டு வட்டம் போட்டேன். ஜம்முனு வந்துச்சு. பகல்ல பக்கத்துல பக்கத்துல வெச்சாக்கூட வித்தியாசம் தெரியாது.

ஆமா சார், மின்னாது. தெரிஞ்சேதான் செஞ்சேன்.

ஒட்டினது என் தம்பி. இந்தக் கடையில வெட்டறது நான், ஒட்டறது அவன். ஒரு குமிழி வராது, கை அப்படி. ஒட்டறதுக்கு முன்னால விரலால தடவிப் பார்த்துட்டு, என்னண்ணே வழவழன்னு இருக்கு, இது ரிஃப்ளெக்டர்தானேன்னு கேட்டான். புதுக் கம்பெனி சரக்குடா, பேசாம ஒட்டுன்னேன். ஒட்டிட்டான். அண்ணன் சொல்லிட்டா அவனுக்கு மறுபேச்சே கிடையாது.

என்ன சார், பழைய பிளேடுல நல்லா வந்துச்சுன்னதும் பட்டனைத் தட்ட ஆரம்பிச்சுட்டீங்க?

ஆஃப்செட்டா? அது மெஷின் வாங்கினப்போ வெச்சுக் கொடுத்தது, நான் தொட்டதே இல்லையே. ம். கத்தி நுனி சரியா நடுவுல இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். எவ்வளவு தள்ளின்னு மெஷினுக்குச் சொல்லணும். சரி. இந்தப் பிளேடுக்கு அந்தக் கணக்கு வேறயா? அப்போ பிளேடை மாத்திட்டேன், நம்பரை மாத்தலை. நேர்கோட்டுல அது வெளிய தெரியாது, வளைவுல திரும்பும்போதுதான்... ஓ.

போடுங்க சார். வட்டமே போடுங்க. ரிஃப்ளெக்டர் ரோல்தான் மாட்டியிருக்கேன்.

வந்துடுச்சே. எங்க ஆரம்பிச்சுது எங்க முடிஞ்சுதுன்னே தெரியல. எவ்வளவு நேரம் ஆச்சு உங்களுக்கு, நாலு நிமிஷமா? பிளேடு வந்த டப்பாவுலயே அந்த நம்பர் போட்டிருக்கா? காட்டுங்க. ஆமா, போட்டிருக்கு. படிக்காமத் தூக்கிப் போட்டிருக்கேன்.

அந்த டிரெய்லரா? போலீஸ் ஸ்டேஷன்ல நிக்குது. பைபாஸ்ல பஞ்சராகி ஓரமா நிறுத்தியிருக்கார் அந்த டிரைவர். கும்மிருட்டு. பைக்ல வந்தவன் நேராப் போய்ப் பின்னாடி மோதிட்டான், அந்த இடத்துலயே முடிஞ்சுது. டிரைவரைப் பிடிச்சு உள்ள வெச்சிருக்காங்க. ரிஃப்ளெக்டர் ஒட்டியிருக்கேன் சார், ஒட்டியிருக்கேன்னு கதறறாராம், யாரு காதுல வாங்கறா? செத்தவன் பொண்டாட்டி அந்த டிரைவர் குடும்பமே நாசமாப் போகணும்னு சாபம் விடறா. பக்கத்துல உக்காந்து நானும் ஆமா ஆமான்னேன்.

செத்தது என் தம்பி சார். ஒட்டினவன்தான்.

மெஷின் பழுதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு வாயை மூடிட்டு இருந்திருப்பேன். அந்த மனுஷன் உள்ளயே கெடக்கட்டும்னு விட்டிருப்பேன். பொய் சொல்லல.

பையை மூடிட்டீங்களா? நீங்க போற வழிதானே, என்னை ஸ்டேஷன் வாசல்ல இறக்கி விட்டுடுங்க. நான் உள்ள போற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. தனியாக் கிளம்பினா பாதி வழியில திரும்பி வந்துடறேன் சார், ஏற்கெனவே ரெண்டு தரம் அப்படி ஆச்சு.